ஸ்டார்ட்அப் போட்டிக்குப் போற பிள்ளைங்க பண்ணக்கூடாத தப்புங்க

போன மாசம் கோலாலம்பூர்ல ஒரு ஸ்டார்ட்அப் போட்டி, கலந்துக்கிற பிள்ளைங்களுக்கு யோசனை சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தாங்க, பட்டர்வொர்த்ல விடியக்காலை ரயில் ஏறிப் போனேன். மதியம் மூணு பேர் மேடை ஏறினாங்க, எல்லாம் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைங்க, நல்ல ஐடியா, நல்லா பேசினாங்க. ரெண்டாவது ஸ்லைடுலயே அவங்க மெஷினை அக்குவேறு ஆணிவேறா பிரிச்சுப் போட்ட படம் வந்துச்சு, எந்த ஸ்பிரிங் எங்க இருக்கு, எந்தத் தகடு எதைத் தள்ளுது, அளவு வரைக்கும் போட்டிருந்தாங்க. ஹால்ல நூறு பேருக்கு மேல, பாதிப் பேர் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கிட்டு இருந்தாங்க. எனக்கு வயிறு கலங்கிப் போச்சு. அதே மாதிரி ஒரு மேடையில அதே தப்பைப் பண்ணிட்டு வந்தவன் நான்.

அதனாலதான் இதை எழுதுறேன். நேரத்தைத் தாண்டாதீங்க, ஸ்லைடுல எழுத்தைக் கொட்டாதீங்க, இதெல்லாம் எல்லாரும் சொல்லிட்டாங்க, நான் அதுக்குள்ள போகல.

காப்புரிமைக்கு (பேட்டண்ட்) மனு போடாம மெஷினைத் திறந்து காட்டுறது

2016ல நானும் என் கூட்டாளியும் இறால் குளத்துத் தண்ணியில ஆக்சிஜன் அளக்குற ஒரு சென்சார் செஞ்சோம். நிபோங் திபால் பக்கம் இறால் வளர்க்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க, அவங்களுக்கு ராத்திரிதான் பயம். பகல்ல தண்ணியில இருக்கிற பாசி ஆக்சிஜன் குடுக்கும், இருட்டினதும் அதே பாசி ஆக்சிஜனை இழுக்க ஆரம்பிச்சுடும், விடியறதுக்கு முன்னாடி அளவு அடிமட்டத்துக்கு இறங்கும், அந்த நேரம் ஏரேட்டர், அதாவது தண்ணிக்குள்ள காத்து ஏத்துற மெஷின், நின்னுட்டா குளமே போச்சு. சென்சார் போட்டு வைக்கலாம்தான், ஆனா அதோட முனையில அழுக்கு படிஞ்சு சில நாள்லயே தப்பா காட்டும். எங்க கருவி ஏரேட்டர் தள்ளுற தண்ணியோட வேகத்தை வச்சே முனையைத் தானா துடைச்சுக்கும், தனி மோட்டார் வேணாம். அந்தத் துடைப்பானோட வளைவு சரியா வர எங்களுக்கு பதினாலு மாசம் ஆச்சு, பாயான் லெப்பாஸ்ல வேலை முடிஞ்சு வந்து ராத்திரி ராத்திரியா உக்காந்து செஞ்சது.

போட்டியில அந்த வளைவைத்தான் பெருசா போட்டுக் காட்டினோம். நடுவர்ங்க அசந்துட்டாங்க. ரெண்டாம் பரிசு, 10,000 வெள்ளி (ரிங்கிட்). மறுநாளே ஏற்பாட்டாளருங்க முழு வீடியோவையும் யூடியூப்ல ஏத்திட்டாங்க, நாங்களும் பெருமையா எல்லா குரூப்லயும் அனுப்பினோம், அம்மா சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் போட்டுப் பாக்கச் சொன்னாங்க.

எட்டு மாசம் கழிச்சு ஐரோப்பாவுல மீன் பண்ணைக்குக் கருவி செய்யற ஒரு கம்பெனி அந்த வீடியோவைப் பாத்துட்டு எழுதினாங்க. லைசன்ஸ் எடுத்துக்கிறோம், காப்புரிமை மனு விவரம் குடுங்கன்னு கேட்டாங்க. அப்பதான் காப்புரிமை மனு எழுதிக் குடுக்கிற ஏஜண்டைத் தேடி ஓடினோம். அவர் வரைபடத்தைக்கூட முதல்ல வாங்கிப் பாக்கல. "இதை வெளிய எங்கயாவது காட்டினீங்களா தம்பி?"ன்னுதான் கேட்டாரு. வீடியோவைக் காட்டினேன். ஒரு நிமிஷம் பேசாம இருந்துட்டு, "ஐரோப்பா போச்சு"ன்னாரு.

விஷயம் இதுதான், நல்லா மனசுல வச்சுக்குங்க. மலேசியாவோட 1983 காப்புரிமைச் சட்டப்படி, நீங்களே வெளியிட்டிருந்தாலும் அந்தத் தேதியில இருந்து ஒரு வருஷத்துக்குள்ள மனு போட்டா அந்த வெளியீட்டை உங்களுக்கு எதிரா எடுத்துக்க மாட்டாங்க. அமெரிக்காவுலயும் ஒரு வருஷம் உண்டு. ஐரோப்பாவுல இந்த மாதிரி பொதுச் சலுகை கிடையாது. மனு தேதிக்கு முன்னாடி உலகத்துல எந்த மூலையில, எந்த மொழியில பொதுவுல வந்திருந்தாலும் அது பழைய விஷயம்தான், காப்புரிமை கிடைக்காது, அதைச் சொன்னது நீங்களே ஆனாலும் சரி. சீனாவுல ஆறு மாசம் இருக்கு, ஆனா குறிப்பிட்ட சில சந்தர்ப்பத்துக்கு மட்டும், நம்ம போட்டி அதுல வரும்னு நம்பி உக்காரக்கூடாது.

எங்களுக்கு மலேசியா கிடைச்சுச்சு, அமெரிக்காவும் கணக்குல இருந்துச்சு. ஆனா அந்தக் கம்பெனிக்கு முக்கியமான சந்தையே ஐரோப்பாதான், அங்க யார் வேணா காப்பியடிக்கலாம்னா அவங்க ஏன் நமக்குக் காசு குடுக்கணும்? மரியாதையா ஒரு மின்னஞ்சல் அனுப்பிட்டு விலகிட்டாங்க. பதினாலு மாச உழைப்பு, 10,000 வெள்ளிக்கு நாங்களே ஏலம் போட்ட மாதிரி ஆயிடுச்சு. இன்னைக்கு நினைச்சாலும் தூக்கம் போயிடும்.

என்ன பண்ணணும்னா, மேடைக்கு முன்னாடி மைபோ, அதாவது மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்துல மனுவைப் போட்டுடுங்க. மனு தேதி கிடைக்கிறதுக்கு உங்க பேரு விலாசம், கண்டுபிடிச்சவர் பேரு, விளக்கம், குறைஞ்சது ஒரு உரிமைக்கோரல் (இதுதான் எங்க கண்டுபிடிப்புன்னு எல்லை போட்டுச் சொல்ற வாக்கியம்), கட்டணம், இவ்வளவு வேணும். விளக்கத்தை ஏனோதானோன்னு எழுதிப் போட்டா அப்புறம் புதுசா எதையும் உள்ள சேர்க்க முடியாது, அதனால எழுதறதுக்கு ஏஜண்டு வச்சுக்கிறது நல்லது, செலவு அங்கதான் ஆகும், அதைப் போட்டிச் செலவுல ஒண்ணா எழுதிக்குங்க. அந்தத் தேதியில இருந்து 12 மாசத்துக்குள்ள மத்த நாட்டுலயும் அதே தேதியைக் காட்டி மனு போடலாம். அதுக்கப்புறம் மனுவுல எழுதினதை மேடையில காட்டினாலும் கவலை இல்ல.

சில பிள்ளைங்க ஆன்லைன்ல படிச்சுட்டு, அமெரிக்காவுல தற்காலிக மனு போடறது மலிவு, அதை முதல்ல போட்டுடலாம்னு கிளம்புறாங்க. நிறுத்துங்க. மலேசியாவுல குடியிருக்கிறவங்க முதல்ல இங்க மனு போட்டு ரெண்டு மாசம் ஆகணும், இல்லாட்டி பதிவாளர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கணும், அதே 1983 சட்டத்தோட 23ஏ பிரிவு அப்படித்தான் சொல்லுது, மீறினா குற்றம்.

மனு போட நேரமே இல்லன்னா, கருவி என்ன செய்யும்னு காட்டுங்க, எப்படிச் செய்யுதுன்னு காட்டாதீங்க. நாங்க அன்னைக்கு முப்பது நாள் குளத்துல போட்டு வச்ச ரீடிங்கை மட்டும் காட்டியிருந்தாலே போதும், நடுவர் அதுக்கே மார்க் குடுத்திருப்பாரு. உள்ள எப்படின்னு கேட்டா, "மனு போடற வேலை நடக்குது, முடிஞ்சதும் சொல்றோம்"னு ஒரே வரியில சொல்லிடுங்க. கேள்வி நேரத்துல உற்சாகத்துல வாய் விட்டுடுவோம், அதனால அந்த வரியை முன்னாடியே சொல்லிப் பழகுங்க. மேடை மட்டும் இல்ல, போஸ்டர், கண்காட்சி மேசையில மூடி கழட்டி வச்ச மாடல், லிங்க்ட்இன் பதிவு, எல்லாமே பொதுவெளிதான். ரகசியம் காக்கக் கடமை இல்லாத ஒரே ஒருத்தர் பாத்தாலே போதும்.

வெறும் ஆப், வியாபார முறைன்னா பெரும்பாலும் காப்புரிமைக்குள்ள வராது, அவங்க இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனா அடுத்ததைப் படிங்க.

எஸ்எஸ்எம்ல (மலேசியக் கம்பெனிப் பதிவு ஆணையம்) பேரு பதிஞ்சாச்சு, பேரு நம்மளுதுன்னு நினைக்கிறது

இல்ல. அது கம்பெனிப் பதிவு. பிராண்டு பேருக்கு வர்த்தகச் சின்னம் தனியா மைபோவுல பதியணும், அதுக்கு 2019 வர்த்தகச் சின்னச் சட்டம் இருக்கு. போட்டியில ஜெயிச்சுப் பேரு பேப்பர்ல வந்தப்புறம் வேற ஒருத்தர் அதைப் பதிஞ்சா, சண்டை போட்டு மீட்கிற காசுல நாலு தடவை பதிஞ்சிருக்கலாம்.

விதிமுறையைப் படிக்காம டிக் அடிக்கிறது

எனக்குத் தெரிஞ்ச ஒரு தங்கச்சி மேடையில பெரிய அட்டைச் செக்கோட நின்னு படம் எடுத்துக்கிச்சு, 50,000 வெள்ளின்னு போட்டிருந்துச்சு. அதுல ரொக்கம் கால்வாசிகூட இல்ல, மிச்சம் கிளவுட் கிரெடிட்டும் (ஆன்லைன் சர்வர் வாடகையில கழிச்சுக்கிற தொகை) ஆலோசனை நேரமும், அதுவும் ஒரு வருஷத்துல காலாவதி. எழுத்துல எல்லாம் இருந்துச்சு, யாரும் படிக்கல. பரிசுக்குப் பதிலா பங்கு கேக்குறாங்களா, உங்க வீடியோவை வெளியிடற உரிமை யாருக்கு, எப்ப வெளியிடுவாங்க, இந்த மூணையும் தேடிப் பாருங்க. மனு போடற வரைக்கும் வீடியோவை ஏத்தாதீங்கன்னு முன்னாடியே மின்னஞ்சல்ல கேட்டா பல பேர் ஒத்துக்குவாங்க, நாங்க கேக்கவே இல்ல.

பரிசுப் பணம் ஒருத்தர் சொந்தக் கணக்குல போறது

முதல்ல செண்டிரியான் பெர்ஹாட், அதாவது பிரைவேட் லிமிடெட் கம்பெனி, யாருக்கு எத்தனை பங்குன்னு எழுத்துல, அப்புறம் போட்டி. கூடப்பிறந்தவங்களா இருந்தாலும்.

வருஷத்துக்கு ஏழு போட்டி

வேணாம். ரெண்டு.

கேட்ட கேள்வியை மறந்துட்டு வர்றது

போட்டியில நிஜமா கிடைக்கிற சொத்து நடுவர்ங்களும் பார்வையாளருங்களும் கேக்குற அந்த அஞ்சு நிமிஷக் கேள்விதான், அதுக்கு வெளிய ஆயிரக்கணக்குல காசு குடுத்தாலும் அப்படிப்பட்டவங்க உக்காந்து நம்ம பொருளைப் பத்தி யோசிக்க மாட்டாங்க. ஆனா மேடையில நிக்கிறவனுக்குப் படபடப்புல எதுவும் மண்டையில நிக்காது. அதனால டீம்ல ஒருத்தரை மேடை ஏத்தாதீங்க, கீழ உக்கார வச்சு கேட்டவர் பேரு, கேள்வி, அவங்க முகம் எங்க மாறுச்சு, இதை மட்டும் எழுதச் சொல்லுங்க. ரெண்டு நாளைக்குள்ள ஒவ்வொருத்தருக்கும் அவங்க கேட்ட கேள்விக்கே பதில் எழுதி அனுப்புங்க, பொதுவா ஒரு நன்றி மெயிலை எல்லாருக்கும் தட்டிவிடாதீங்க. 2018ல எங்க கூட்டாளி அப்படி எழுதி வச்ச தாள்ல, "வீசுற மழையில ஒயர் என்ன ஆகும்?"னு ஒரு கேள்வி இருந்துச்சு, கேட்டவர் பார்வையாளரா வந்த ஒரு பண்ணைக்காரர். ஒயரை மாத்தி, அவர் குளத்துலயே கொண்டு போய்ப் போட்டுக் காட்டினோம். முதல் முதலா பன்னிரண்டு கருவி வாங்கினவர் அவருதான்.

அந்த மூணு பிள்ளைங்க விஷயம், வீடியோ இன்னும் மேல ஏறல, ஆனா நூறு பேர் பாத்தாச்சு. போட்டி நடந்த தேதியைச் சுவத்துல எழுதி வச்சு அங்கிருந்து ஒரு வருஷம் எண்ணச் சொல்லியிருக்கேன், வர்ற வாரம் ஏஜண்டைப் பாக்கப் போறோம், நானும் கூடப் போறேன்.