காதல் நகைச்சுவைப் படத்தின் வசூலை நாமே கணக்கிடுவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

இலங்கை மலையகத்தின் ஹட்டனிலோ பதுளையிலோ ஒரு புதிய தமிழ்ப் படம் திரைக்கு வந்த மறுநாளே, "முதல் நாளில் இத்தனை கோடி" என்ற சுவரொட்டி கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. அதைப் பார்த்துப் படம் வென்றது, தோற்றது என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். சண்டைப் படங்களுக்கு இந்த அவசரம் ஓரளவு பொருந்தலாம். காதலும் சிரிப்பும் கலந்த படத்துக்கு அது பெரும்பாலும் அநியாயமாகவே முடிகிறது. இத்தகைய படங்கள் ஒருவர் பார்த்து இன்னொருவரிடம் சொல்ல, அவர் குடும்பத்தோடு வர, மெல்ல மெல்லவே நிறைபவை. அந்த வசூலை முறையாகக் கணக்கிட ஒரு பயிற்சிக் கொப்பியும் பென்சிலும் கைப்பேசியில் உள்ள கணிப்பானும் போதும்.

முதற்படி: கையில் இருப்பது எந்த எண் என்று கேளுங்கள்

வசூல் என்ற ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு தொகைகள் குறிக்கப்படுகின்றன. பார்வையாளர் கவுன்டரில் கொடுத்த பணம் முழுவதும் மொத்த வசூல். அதிலிருந்து வரியைக் கழித்தால் நிகர வசூல். திரையரங்கு தன் பங்கை எடுத்துக்கொண்ட பின் விநியோகஸ்தர் வழியாகத் தயாரிப்பாளரை நோக்கிப் போகும் தொகையை வணிகத்தில் ஷேர் என்பார்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க, பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவமே போதும். தராசுத் தட்டில் சாக்கை வைக்கும்போது 22 கிலோ என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சாக்கின் எடைக்கும் மழை ஈரத்துக்கும் கழித்த பின் துண்டில் 20 என்று எழுதுகிறார்கள். அந்த 20 கிலோ பச்சைக் கொழுந்து தொழிற்சாலைக்குப் போய் வாடி, அரைபட்டு, உலர்ந்து வெளியே வரும்போது ஏறக்குறைய 4.4 கிலோ தேயிலையாகிறது; ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ அளவில் கொழுந்து தேவைப்படுகிறது. தராசு காட்டியது மொத்த வசூல், துண்டில் எழுதியது நிகர வசூல், பெட்டியில் அடைத்தது ஷேர். மூன்றும் உண்மையான எண்களே. ஆனால் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டால் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும். நான் தயாரித்த முதல் அட்டவணையில் ஒரு படத்துக்கு மொத்த வசூலையும் மற்றதற்கு நிகர வசூலையும் எழுதி, நன்றாக ஓடிய படத்தைத் தோல்வி என்று நண்பர்களிடம் வாதாடியிருக்கிறேன். அதனால்தான் கொப்பியில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அது எந்த வகை என்பதை முதலில் எழுதச் சொல்கிறேன்.

இரண்டாம் படி: வரியையும் பங்கையும் கழியுங்கள்

தமிழ்ப் படங்களின் பெரும்பகுதி வசூல் இந்தியாவில் நடப்பதால் அந்நாட்டு வரியைத் தெரிந்திருக்க வேண்டும். அங்கு 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 2019 ஜனவரி முதல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. (சரக்கு, சேவை வரி) அறவிடப்படுகிறது. 100 ரூபாய்க்கு உட்பட்ட டிக்கெட்டுக்கு 12 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டெம்பரில் 5 சதவீதமாகக் குறைந்தது. தமிழ்நாட்டில் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் தனியாகச் சேரும்.

எளிமைக்காக 18 சதவீத ஜி.எஸ்.டி.யை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு படத்தின் மொத்த வசூல் 1 கோடியே 18 லட்சம் என்றால் அதை 1.18 ஆல் வகுக்க வேண்டும். நிகர வசூல் 1 கோடி. தொடக்கநிலையினர் பலர் 18 சதவீதத்தை நேராகக் கழித்து 96 லட்சத்து 76 ஆயிரம் என்று எழுதிவிடுகிறார்கள். வரி, நிகர விலையின் மீது ஏற்றப்படுவது என்பதை மறந்ததால் வரும் பிழை அது.

அடுத்தது திரையரங்கின் பங்கு. இது ஊருக்கு ஊர், ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். எனினும் ஓர் எடுத்துக்காட்டு வெளிப்படையாகவே கிடைக்கிறது. 2009இல் ஹிந்திப் படத் தயாரிப்பாளர்கள் மல்டிபிளெக்ஸ் அரங்குகளுக்குப் புதிய படங்களைக் கொடுக்காமல் ஏறக்குறைய இரண்டு மாதங்கள் நிறுத்தி வைத்தார்கள். அதன் முடிவில் எட்டிய உடன்பாட்டின்படி, நிகர வசூலில் தயாரிப்பாளர் தரப்புக்கு முதல் வாரம் 50 சதவீதம், இரண்டாம் வாரம் 42.5, மூன்றாம் வாரம் 37.5, அதன் பின்னர் 30 என்று வகுக்கப்பட்டது.

இந்த நான்கு எண்களைச் சற்று நேரம் பாருங்கள். காதல் நகைச்சுவைப் படத்தின் பொருளாதாரச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. முதல் வாரத்தில் 1 கோடி நிகரமாக ஈட்டும் படத்துக்கு 50 லட்சம் கிடைக்கிறது. அதே 1 கோடியை மூன்றாம் வாரத்தில் ஈட்டும் படத்துக்கு 37 லட்சத்து 50 ஆயிரம்தான் கிடைக்கிறது. வாய்வழிப் பேச்சால் தாமதமாக நிறையும் படம், அதே எண்ணிக்கையான மக்களைக் கூட்டியும் குறைவான பங்கையே வீட்டுக்குக் கொண்டுபோகிறது. ஆகவே அது மெதுவாக ஓடினால் மட்டும் போதாது. நீண்ட காலமும் ஓட வேண்டும்.

மூன்றாம் படி: இரண்டாம் வார இறுதியை முதலாவதோடு ஒப்பிடுங்கள்

எனது அனுபவத்தில் ஏழெட்டு எண்களில் ஒன்றை மட்டுமே பார்க்க முடியுமென்றால் இதைத்தான் பார்ப்பேன். ஒரு பயிற்சிக் கணக்கு போடுவோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. ஒரு திரையரங்கில் 350 இருக்கைகள், நாளொன்றுக்கு நான்கு காட்சிகள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளிலும் சேர்த்து 4,200 இருக்கைகள் விற்பனைக்கு உள்ளன. ஒரு சண்டைப் படத்துக்கு முதல் வார இறுதியில் 3,600 பேரும் அடுத்த வார இறுதியில் 1,260 பேரும் வந்தார்கள். வீழ்ச்சி 65 சதவீதம். ஒரு காதல் நகைச்சுவைப் படத்துக்கு முதல் வார இறுதியில் 1,870 பேர், அடுத்ததில் 1,680 பேர். வீழ்ச்சி 10 சதவீதத்தை ஒட்டியது. முதல் ஞாயிறு இரவில் இரண்டாவது படத்தைத் தோல்வி என்று எழுதியவர், அடுத்த ஞாயிறு இரவில் கணக்குப் பார்த்தால், அந்த வார இறுதியில் சண்டைப் படத்தைவிட அதற்கு 420 பேர் கூடுதலாக வந்திருப்பதைக் காண்பார்.

ஹொலிவூட் படங்களில் இதற்கு நல்ல சான்றுகள் உள்ளன. 2018இல் வெளியான கிரேஸி ரிச் ஏஷியன்ஸ் அமெரிக்காவில் இரண்டாம் வார இறுதியில் இழந்தது 6 சதவீதம் மட்டுமே. 2023 டிசம்பரில் வந்த எனிவன் பட் யூ இன்னும் தெளிவான பாடம். அதன் முதல் வார இறுதி ஏறக்குறைய 60 லட்சம் டொலர். தயாரிப்புச் செலவு 2 கோடியே 50 லட்சம் டொலர் அளவில் என்பதால் தொடக்கம் மிகவும் பலவீனமாகவே தெரிந்தது. ஆனால் இரண்டாம் வார இறுதியிலும் மூன்றாம் வார இறுதியிலும் வசூல் குறையாமல், முதலாவதைவிடக் கூடியது. முடிவில் வட அமெரிக்காவில் ஏறக்குறைய 8 கோடியே 80 லட்சமும் உலகெங்கும் ஏறக்குறைய 22 கோடியும் சேர்ந்தன. வட அமெரிக்கத் தொகையை அதன் முதல் வார இறுதியால் வகுத்தால் 14 மடங்குக்கு மேல் வருகிறது. இந்த மடங்கையும் கொப்பியில் ஒரு நிரலாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: எத்தனை அரங்குகள் என்பதைச் சேர்த்துப் பாருங்கள்

2002 ஏப்ரலில் மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங் வெறும் 108 அரங்குகளில் வெளியாகி முதல் வார இறுதியில் 5 லட்சத்து 97 ஆயிரம் டொலர் ஈட்டியது. மொத்தத் தொகையாகப் பார்த்தால் சிறியது. 108 ஆல் வகுத்தால் அரங்கொன்றுக்கு 5,500 டொலருக்கு மேல். அது மதிக்கத்தக்க சராசரி. அதைப் பார்த்து அரங்குகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 50 லட்சம் டொலரில் எடுத்த அந்தப் படம் ஒரு வாரம்கூட வட அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தைத் தொடாமலே அங்கு 24 கோடியே 10 லட்சம் டொலரைக் கடந்தது. மலையகத்தில் ஒரு படம் மூன்று நான்கு அரங்குகளில் மட்டும் ஓடும்போது இந்தச் சராசரியைப் பார்ப்பது இன்னும் முக்கியமாகிறது.

ஐந்தாம் படி: செலவோடு ஒப்பிடுங்கள்

தயாரிப்புச் செலவோடு விளம்பரச் செலவையும் சேர்த்து, அதை ஷேரோடு ஒப்பிட வேண்டும். மொத்த வசூலோடு அன்று. ஓடிடி, தொலைக்காட்சி, பாடல் உரிமைகளால் வரும் பணம் திரையரங்கு வசூலில் சேராது. அதைத் தனி வரியில் எழுதுங்கள்.

ஆறாம் படி: பணத்தை விட்டுத் தலைகளை எண்ணுங்கள்

சுவரொட்டிகளில் உள்நாடு, வெளிநாடு என்று இரு வரிகள் இருக்கும். ஹட்டனில் நாம் வாங்கும் டிக்கெட், வெளிநாடு என்ற வரியில் டொலராக மாற்றப்பட்டுக் கரைந்துவிடுகிறது. அந்தப் படத்தின் மொழியையே வீட்டில் பேசி வளர்ந்த நமக்கு இது ஒரு விசித்திரமான இடந்தான். அதோடு, அந்த மாற்றம் எத்தனை பேர் வந்தார்கள் என்பதையும் மறைத்துவிடுகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்து, மே மாதமளவில் ஏறக்குறைய 360 ஆனது. 20 லட்சம் ரூபா வசூல் மார்ச்சில் 10,000 டொலர். அதே 20 லட்சம், அதே இருக்கைகள், மே மாதத்தில் 5,556 டொலர். டொலர்க் கணக்கை மட்டும் பார்ப்பவர் இலங்கை ரசிகர்கள் பாதியாகிவிட்டார்கள் என்றே நினைப்பார். உண்மையில் ஒருவர்கூடக் குறையவில்லை.

ஆகவே, இயன்றவரை ஆட்களை எண்ணுங்கள். இணைய முன்பதிவு இருக்கும் அரங்கானால், காட்சி தொடங்குவதற்குச் சற்று முன்னர் இருக்கை வரைபடத்தைத் திறந்து விற்றுப்போன கட்டங்களை வரிசை வரிசையாக எண்ணலாம். விற்பனைக்கே விடாமல் ஒதுக்கிவைத்த இருக்கைகளும் அதே சாம்பல் நிறத்தில் தெரியலாம் என்பதால், ஆளே வராத காலைக் காட்சியின் வரைபடத்தையும் பார்த்து, அங்கும் அடைபட்டிருக்கும் கட்டங்களைக் கழித்துவிடுங்கள். கவுன்டரில் மட்டும் விற்கும் அரங்கானால் இடைவேளையில் நேரில் நின்று எண்ணுவதே வழி. ஒரு நாளில் காலை 40, மதியம் 95, மாலை 180, இரவு 105 என்று வந்தால் மொத்தம் 420. நான்கு காட்சிகளுக்கும் சேர்த்து உள்ள 1,400 இருக்கைகளில் இது 30 சதவீதம். டிக்கெட்டை 700 ரூபா என்று கொண்டால் அன்றைய மொத்த வசூல் 2,94,000 ரூபா.

அந்த 700 ரூபாவையும் நமது நிலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. நால்வர் கொண்ட குடும்பம் படம் பார்த்தால் டிக்கெட்டுக்கு மட்டும் 2,800 ரூபா. அந்தச் சம்பளத்தில் இரண்டு பெயருக்கும், அதாவது இரண்டு நாள் கூலிக்கும், அதிகம். அதற்கு மேல் பஸ் செலவு, பிள்ளைகளுக்கு இடைவேளையில் வாங்கிக்கொடுப்பது. லயத்திலிருந்து (தோட்டத்துத் தொடர்வீட்டிலிருந்து) அப்படிக் கிளம்பி வரும் குடும்பம், படம் நன்றாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டார் சொன்ன பின்னரே வருகிறது. அதனால் அவர்கள் இரண்டாம், மூன்றாம் வாரத்து எண்ணில்தான் தெரிவார்கள்.

ஏழாம் படி: உள்ளூர் நாட்காட்டியைப் பக்கத்தில் எழுதுங்கள்

தோட்டங்களில் சம்பளம் பெரும்பாலும் மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டிக் கிடைக்கிறது. மாதத்தின் கடைசி வெள்ளியன்று வெளியாகும் படம் முதல் இரண்டு வாரங்கள் மந்தமாக ஓடி, 10ஆம் திகதிக்குப் பிந்திய ஞாயிறன்று திடீரென நிறைந்தால், அதைப் பேச்சின் வெற்றி என்று மட்டும் எழுதக்கூடாது; பணம் கைக்கு வந்ததும் ஒரு காரணம். மே முதல் செப்டெம்பர் வரையிலான தென்மேற்குப் பருவ மழையில், மேல்தோட்டங்களுக்குப் போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிட அஞ்சி இரவுக் காட்சிக்கு ஆட்கள் குறைவார்கள். தீபாவளி, தைப்பொங்கல் வாரங்களை வேறு வாரங்களோடு ஒப்பிடாதீர்கள். பண்டிகை வாரத்தைப் பண்டிகை வாரத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

கொப்பியில் ஒரு பக்கத்தை இடமிருந்து வலமாக ஏழு நிரல்களாகப் பிரியுங்கள்: திகதி, காட்சி, மொத்த இருக்கை, வந்தவர்கள், சதவீதம், டிக்கெட் விலை, குறிப்பு. குறிப்பு நிரலை மற்றவற்றைவிட அகலமாக விடுங்கள். மழை, சம்பள நாள், பஸ் இல்லாத நாள், பாடசாலைப் பரீட்சை எல்லாம் அங்கேதான் வரும். அடுத்து வரும் காதல் நகைச்சுவைப் படத்தின் முதல் வெள்ளியன்று எண்ணத் தொடங்குங்கள். நான்காம் ஞாயிறு இரவுக் காட்சியை எழுதி முடிக்கும்வரை அது வெற்றியா தோல்வியா என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.