ஃபைபர் கான்கிரீட் தூணில் கண்ணாடி இழைக் கம்பி: கணக்கிலும் சைட்டிலும் நடக்கும் தவறுகள்

“இரும்பில் 16 எம்எம் போடுற இடத்துல எங்க கம்பி 12 எம்எம் போதும் சார்.” கண்ணாடி இழைகளை ரெசின் என்ற பிசினில் பிணைத்துச் செய்யும் கண்ணாடி இழைக் கம்பி, அதாவது ஜிஎஃப்ஆர்பி கம்பி விற்பவர்கள் பலரும் சொல்வது இதுதான். அதற்கு ஆதாரமாக ஓர் எண்ணையும் காட்டுவார்கள். எஃப்இ 500 இரும்பு, சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டனில் இளக ஆரம்பித்துவிடும், அதாவது உடையாமல் நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். இந்தக் கம்பியோ 800, 1000 நியூட்டன் வரை தாங்கும். எண்ணில் பொய் இல்லை. ஆனால் அது கம்பியை இழுத்துப் பார்த்துக் கிடைத்த எண். தூணில் இருக்கும் கம்பி பெரும்பாலும் அமுங்கிக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை மறப்பதுதான் எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கிறது.

நேராக மேலிருந்து சுமை இறங்கும் தூண், ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 2 மி.மீ. குறுகும்போது கான்கிரீட் தன் முழு பலத்தையும் காட்டி முடித்திருக்கும். உள்ளே இருக்கும் கம்பியும் அதே 2 மி.மீ. தான் குறுகும். அந்தக் குறுக்கத்தில் கம்பி எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதே கேள்வி. அதற்குப் பதில் சொல்வது கம்பியின் பலம் அல்ல, விறைப்பு. இரும்பின் விறைப்பு சதுர மி.மீட்டருக்கு 2,00,000 நியூட்டன். கண்ணாடி இழைக் கம்பிக்குச் சுமார் 50,000, அதாவது கால் பங்கு. எனவே அந்த நேரத்தில் இரும்பு சதுர மி.மீட்டருக்கு 400 நியூட்டன் வாங்கிக்கொண்டிருக்கும், ஜிஎஃப்ஆர்பி 100 நியூட்டன்தான் வாங்கியிருக்கும். மீதி பலம் கம்பிக்குள்ளேயே சும்மா கிடக்கும்.

கணக்காகவே பார்க்கலாம். 300க்கு 300 மி.மீ. தூண், எம்30 கான்கிரீட் (சோதனைக் கனசதுரத்தில் சதுர மி.மீட்டருக்கு 30 நியூட்டன் தாங்குவது), எட்டு 16 எம்எம் இரும்புக் கம்பி. பாதுகாப்புக் காரணிகள் எதையும் சேர்க்காமல் பார்த்தால் கான்கிரீட் சுமார் 181 டன், கம்பி 65 டன், ஆக 246 டன். அதே எட்டு இடத்தில் 12 எம்எம் ஜிஎஃப்ஆர்பி வைத்தால் கான்கிரீட் 182 டன், கம்பி வெறும் 9 டன். 55 டன் காணாமல் போய்விட்டது. 16 எம்எம் ஜிஎஃப்ஆர்பி போட்டாலும் கம்பியின் பங்கு 16 டன்தான். ஸ்லாபில், பீமின் அடியில், இழுவிசை வரும் இடத்தில் அந்த வியாபாரக் கணக்குக்குக் கொஞ்சமாவது பொருள் உண்டு. தூணில் துளியும் இல்லை. குறையும் சுமையைத் தூணின் அளவை ஏற்றியோ கான்கிரீட்டின் கிரேடை ஏற்றியோதான் ஈடுகட்ட வேண்டும்.

சரி, அப்படியானால் தூணில் இந்தக் கம்பிக்கு மதிப்பே இல்லையா? அப்படி நினைப்பதும் தவறுதான். பழைய வழிகாட்டிகள் அமுக்கத்தில் இதை முழுவதுமாக ஒதுக்கிவைத்தன. 2022இல் வந்த அமெரிக்க விதிநூலான ஏசிஐ 440.11, கம்பி இருக்கும் பரப்பையும் கான்கிரீட்டாகவே எண்ணிக்கொள்ள விடுகிறது. எனக்கு இது நியாயமான, பத்திரமான வழியாகப் படுகிறது. நம் ஊரில் பலர் இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐஎஸ் 456இல் இருக்கும் தூண் சூத்திரத்தை எடுத்து, இரும்பின் பலம் வரும் இடத்தில் கம்பியின் 1000ஐப் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சூத்திரம் இரும்பை மனத்தில் வைத்து எழுதியது. 2023இல் வந்த ஐஎஸ் 18256, ஜிஎஃப்ஆர்பி கம்பி எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அது தூணை வடிவமைக்கும் நூல் அல்ல.

அடுத்து ஃபைபர், அதாவது கான்கிரீட் கலவையிலேயே சேர்க்கும் சின்னச் சின்ன இழைகள். கான்கிரீட்டில் ஸ்டீல் ஃபைபர் கலந்தால் தூணின் பலம் எகிறும் என்ற எதிர்பார்ப்பு பலரிடம் இருக்கிறது. அமுக்க பலத்தில் கிடைக்கும் கூடுதல் சொற்பம். கலவை சரியில்லாவிட்டால் அதுவும் கிடைக்காது. ஃபைபர் தருவது வேறு ஒன்று. நம் 300 மி.மீ. தூணில் நாலு பக்கமும் 40 மி.மீ. கவர், அதாவது கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட் உறை விட்டால், நடுவில் மிஞ்சுவது 220க்கு 220. மொத்தப் பரப்பில் அது 54 சதவீதம்தான். சாதாரணக் கான்கிரீட்டில் உச்ச சுமை வந்ததும் கவர் பொரிந்து விழுந்துவிடும், கிட்டத்தட்ட பாதித் தூண் ஒரே நேரத்தில் போய்விடும். ஃபைபர் அந்தக் கவரை இழுத்துப் பிடித்து வைக்கிறது. தூண் சட்டென்று உடையாமல் மெதுவாக இறங்குகிறது.

ஜிஎஃப்ஆர்பி கம்பிக்கு இது பெரிய துணை. இரும்பு இளகிய பிறகு அதே சுமையில் நின்றுவிடும். இந்தக் கம்பியோ தூண் குறுகக் குறுக மேலும் மேலும் சுமை வாங்கும். மீட்டருக்கு 2 மி.மீ. குறுகும்போது 100 நியூட்டன் என்றால், 6 மி.மீ. குறுகும்போது 300. அதுவரை கான்கிரீட் சிதறாமல் இருந்தால்தான் அந்த 300 நமக்கு உதவும். ஃபைபரும், நெட்டுக் கம்பிகளைச் சுற்றி நெருக்கமாகக் கட்டும் ரிங்கும் சேர்ந்து அந்த அவகாசத்தை வாங்கித் தருகின்றன. அதனால் ஃபைபருக்கு ஒரு எண், கம்பிக்கு ஒரு எண் என்று எடுத்து உச்ச சுமையில் கூட்டிவைப்பது அர்த்தமில்லாத வேலை. உச்சத்துக்குப் பிறகு தூண் எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் இந்த ஜோடியின் அருமை இருக்கிறது.

எந்த ஃபைபர் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு கன மீட்டருக்கு 900 கிராம் போடும் மெல்லிய பாலிப்ரொப்பிலீன் இழை, கான்கிரீட் காயும்போது வரும் மேற்பரப்பு வெடிப்பைக் குறைக்கத்தான். அதை நம்பித் தூணைக் கணக்கிடக் கூடாது. ஸ்டீல் ஃபைபர் என்றால் கன அளவில் 1 சதவீதம், அதாவது கன மீட்டருக்கு 78 கிலோ. மூன்று மீட்டர் உயரமுள்ள நம் தூண் ஒன்றுக்கே 21 கிலோ ஆகிறது. அவ்வளவையும் மூட்டையோடு கொட்டினால் ஃபைபர் உருண்டை உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்க வேண்டும். ஃபைபர் போட்டதும் கலவை இறுகிப்போகும். உடனே ஒருவர் வாளித் தண்ணீரோடு வந்து நிற்பார். அந்தத் தண்ணீர் கெடுக்கும் பலத்தை எந்த ஃபைபரும் திருப்பித் தராது. தண்ணீரைத் தொடாதீர்கள், தண்ணீர் கூட்டாமலே கலவையை ஓடவைக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசரைக் கூட்டுங்கள். கம்பிக்கும் ரிங்குக்கும் நடுவே ஃபைபர் சிக்கி, கீழே தேன்கூடு போல ஓட்டைகள் விழுவதும் இந்த இறுகிய கலவையால்தான்.

ரிங் விஷயத்தில் ஒரு சிக்கன யோசனை வரும்: நெட்டுக் கம்பி மட்டும் ஜிஎஃப்ஆர்பி, ரிங் இரும்பு. கடலோரத்தில், உப்புக் காற்றுக்குப் பயந்துதான் நாம் இந்தக் கம்பிக்கே போகிறோம். தூணின் வெளிமுகத்துக்கு மிக அருகில் இருப்பது ரிங். துருப் பிடிப்பதும் அதுதான் முதலில். அது ஊதிக் கவரைத் தள்ளிவிட்டால் உள்ளே துருப்பிடிக்காத கம்பி இருந்து என்ன பயன்? ரிங்கும் ஜிஎஃப்ஆர்பியாகவே இருக்கட்டும். அதைத் தொழிற்சாலையிலேயே வளைத்து வாங்க வேண்டும். வளைவில் அதன் பலம் நேர்ப் பகுதியின் பலத்தில் ஏறக்குறைய பாதிதான் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சைட்டில் கம்பியை வளைக்க முடியாது என்பதைப் பார்பெண்டர்கள் முதலில் நம்பவே மாட்டார்கள். அடித்தளமான ஃபூட்டிங்கிலிருந்து தூணுக்காக மேலே நீட்டி நிற்கும் ஸ்டார்ட்டர் கம்பி ஓர் அங்குலம் நகர்ந்துவிட்டால் இரும்பைச் சாவி போட்டு வளைத்து நேராக்கிவிடுவோம். இதைச் சூடாக்கி வளைத்தாலும் அடித்து வளைத்தாலும் ரெசின் நொறுங்கி, இழை அறுந்துவிடும். ஆகவே மார்க்கிங்கில் தவறே வரக் கூடாது. வெட்டுவதற்கு டிஸ்க் கட்டர்தான். கட்டிங் பிளேயரில் நசுக்கினால் முனை பிளந்துபோகும். வெயிலில் மாதக்கணக்கில் திறந்து போட்டு வைக்காமல் தார்ப்பாய் மூடுங்கள்.

தூணில் ஒரு பக்கமாகச் சுமை வந்தால், அல்லது தூண் நெட்டையாக இருந்தால், விறைப்புக் குறைவு இன்னும் கடுமையாகத் தெரியும். பக்கவாட்டில் அதிகம் வளையும், வளைவதாலேயே மேலும் திருப்புவிசை கூடும். உயரத்துக்கும் அகலத்துக்குமான விகிதம் 12ஐத் தாண்டினால் நெட்டைத் தூண் என்று ஐஎஸ் 456 சொல்வதும் இரும்புக்கான எல்லைதான். இங்கே அதற்கு முன்பே எச்சரிக்கையாக வேண்டும். நிலநடுக்கத்துக்கான ஐஎஸ் 13920 விவரங்களும் இரும்பு இளகும் என்ற நம்பிக்கையில் எழுதியவை. இந்தக் கம்பி இளகாது, கடைசி வரை நேர்கோட்டில் போய் அறுந்துவிடும்.

தீ இன்னொரு விஷயம். கம்பியில் இருக்கும் ரெசின் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மெல்ல மென்மையாக ஆரம்பிக்கும், கான்கிரீட்டோடு இருக்கும் பிடிப்பு தளரும். இரும்பு 500 டிகிரி வரை ஓரளவு தாக்குப்பிடிக்கும். அதனால் அடுக்குமாடி வீட்டின் பார்க்கிங் தூணுக்கு யாராவது என்னிடம் கேட்டால் வேண்டாம் என்றே சொல்வேன். படகுத்துறைத் தூணுக்கும் உப்பளத்துப் பம்ப் ஹவுஸ் தூணுக்கும் கேட்டால், உட்கார்ந்து கணக்குப் போடலாம் வாருங்கள் என்பேன்.