இங்கிலீஷில் ஒருவர் சிரிப்பை எப்படிச் சொல்வது?

மதுரை சிம்மக்கல் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஏப்ரல், மே வந்தால் பணி நிறைவு வாழ்த்து மடல், தை பிறந்தால் கல்யாண பயோடேட்டா. இரண்டிலும் ‘சிரித்த முகம்’ கட்டாயம் இருக்கும். "அண்ணே, அதை இங்கிலீஷ்ல நல்லா போட்டுருங்க" என்பார்கள். ‘ஸ்மைலிங் ஃபேஸ்’ என்று அப்படியே போட்டால் வாட்ஸ்அப் பொம்மை மாதிரி இருக்கும். ‘ஹி இஸ் ஆல்வேஸ் ஸ்மைலிங்’ போதும்.

முதலில் சத்தம் உண்டா என்று பாருங்கள். சத்தமாகச் சிரித்தால் லாஃப், இல்லையென்றால் ஸ்மைல். ‘ஷி ஸ்மைல்டு அட் மீ’ என்றால் உங்களைப் பார்த்துப் புன்னகைத்தாள். அதே இடத்தில் ‘லாஃப்ட் அட் மீ’ போட்டால் உங்களைக் கேலி செய்தாள் என்று ஆகிவிடும்.

அடுத்து பல். பல் தெரிய வாயெல்லாம் சிரிப்பாக நிற்பது கிரின். குறும்புப் பையனுக்குச் சரி, பெண் பயோடேட்டாவுக்கு வேண்டாம். மாட்டிக்கொண்டு அசடு வழியச் சிரிக்கிறோமே, அது ஷீப்பிஷ் கிரின். வளைகாப்பில் பெண்ணைப் பெற்றவள் முகம் மலர்ந்து நின்றால் ‘ஷி வாஸ் பீமிங்’. இது அந்த நேரத்துச் சந்தோஷத்துக்கான சொல், ஒருவரின் சுபாவத்துக்குப் பொருந்தாது.

ஸ்மர்க் பக்கமே போகாதீர்கள். ஒரு வாத்தியார், ஓய்வு பெறும் தலைமையாசிரியருக்கு ‘ஆல்வேஸ் வித் எ ஸ்மர்க்’ என்று எழுதிக்கொண்டு வந்தார். செல்போன் அகராதியில் புன்சிரிப்பு என்று போட்டிருந்ததாம். ‘எனக்குத் தெரியாததா’ என்று உதட்டோரம் இளக்காரமாகச் சிரிப்பதுதான் ஸ்மர்க். ‘வார்ம் ஸ்மைல்’ என்று மாற்றிக் கொடுத்தேன். மடல் ஏற்கெனவே ஃபிரேம் போடப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

கண்ணையும் பாருங்கள். உதட்டோரத்தை மேலே இழுக்கும் தசை நாம் சொன்னபடி கேட்கும், கண்ணைச் சுற்றியுள்ள தசை உள்ளே மகிழ்ச்சி இருந்தால்தான் இயல்பாகச் சுருங்கும் என்று 1862-இலேயே டுஷென் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதினார். பிற்காலத்தில், பழகினால் சிலருக்குக் கண்ணும் சுருங்கும் என்று கண்டார்கள். கல்யாண மேடையில் மூன்று மணி நேரம் நின்ற மாப்பிள்ளையின் போட்டோவைப் பாருங்கள், உதடு மட்டும் சிரிக்கும். அது ‘ஃபோர்ஸ்டு ஸ்மைல்’. கதையில் எழுதுவதாக இருந்தால் ‘தி ஸ்மைல் டிடின்ட் ரீச் ஹிஸ் ஐஸ்’.

பாராட்டுக்கு வார்ம், லவ்லி இரண்டும் எங்கும் செல்லும். கூச்சமாகச் சிரித்தால் ஷை. ‘இன்ஃபெக்‌ஷஸ் ஸ்மைல்’ என்று டைப் செய்தால், "என்ன தம்பி, வியாதி மாதிரி இருக்கு?" என்று பதறுவார்கள். பார்ப்பவரையும் சிரிக்க வைக்கும் சிரிப்பு என்று பொருள், தைரியமாகப் போடலாம். ‘முத்துப் பல்’லை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். கன்னத்தில் குழி விழுந்தால் டிம்பிள்ஸ் என்று தனியாகச் சொல்லுங்கள். அப்புறம், ஒரு சிரிப்புக்கு ஒரு அடைமொழிதான். பியூட்டிஃபுல், சார்மிங், பிளசன்ட் என்று வரிசையாக அடுக்கிக் கேட்பவர்களிடம் இரண்டை நீக்கிவிட்டுத்தான் பிரின்ட் கொடுக்கிறேன்.