மேவன் எதை எங்கே வைக்கிறது: டாட் எம்2 ஃபோல்டரில் கை வைப்பதற்கு முன்

சனிக்கிழமை மாலைகளில் தென்காசியில் ஒரு டியூஷன் மாடியில் 14 பேருக்கு ஜாவா சொல்லிக்கொடுக்கிறேன். வேண்டிய லைப்ரரிகளை இறக்கி, எழுதிய கோடைச் சேர்த்துப் பில்ட் செய்து தரும் மேவன் என்ற கருவியைத்தான் பயன்படுத்துகிறோம். அங்கே இன்டர்நெட் என்று இருப்பது என் செல்போன் ஹாட்ஸ்பாட் மட்டும்தான். போன வருடம் ஒரு மாணவி, "அக்கா, பில்ட் ஃபெயில் ஆகுது, ஜார் ஃபைலைப் படிக்க முடியலைன்னு வருது" என்றாள். ஜார் என்பது ஒரு ஜாவா லைப்ரரியைக் கட்டிவைத்த ஃபைல். மேவன் தன் சரக்கை வைக்கும் ஃபோல்டரின் பெயர் டாட் எம்2. அவசரத்தில், "டாட் எம்2 ஃபோல்டரையே டெலிட் பண்ணிடு, எல்லாம் தானா திரும்ப வந்துடும்" என்று சொல்லிவிட்டேன். லைப்ரரிகள் வந்தன. அவள் ஆபீஸ் சர்வருக்குப் போக வேண்டிய முகவரியும் பாஸ்வேர்டும் இருந்த செட்டிங்ஸ் ஃபைல் வரவில்லை. திங்கட்கிழமை பாதி நாளை அதைத் திரும்ப உண்டாக்குவதில் கழித்தாள். நான் சொன்ன யோசனை தவறு. எது திரும்ப வரும், எது வராது என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்காதது என் குறை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஃபைல் பெயர்களையும் கட்டளைகளையும் வகுப்பில் வாய்விட்டுச் சொல்வதுபோலத் தமிழிலேயே எழுதுகிறேன். கீபோர்டில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். "டாட்" என்றால் முற்றுப்புள்ளி. "எம்விஎன்" என்பது மேவனைக் கூப்பிடும் மூன்றெழுத்துக் கட்டளை.

முதலில் உங்கள் மெஷினிடமே கேளுங்கள்

யார் சொல்வதையும் நம்புவதற்கு முன்னால் எம்விஎன் ஹைஃபன் வி என்று அடித்துப் பாருங்கள். மேவன் எந்த ஃபோல்டரில் இருந்து ஓடுகிறது, எந்த ஜாவாவை எடுத்துக்கொள்கிறது என்ற இரண்டும் திரையில் வரும். அடுத்து, ஏதாவது ஒரு ப்ராஜெக்டில் ஹைஃபன் எக்ஸ் (பெரிய எழுத்து எக்ஸ்) சேர்த்து ஓட்டுங்கள். வரிகள் கொட்டும், பயப்பட வேண்டாம், மேலே போய் முதல் சில வரிகளை மட்டும் படியுங்கள். பொது செட்டிங்ஸை எங்கிருந்து படித்தேன், உங்கள் செட்டிங்ஸை எங்கிருந்து படித்தேன், இறக்கிய லைப்ரரிகளைச் சேர்க்கும் லோக்கல் ரெப்பாசிட்டரியாக எதை வைத்திருக்கிறேன் என்று மேவனே மூன்று பாதைகளையும் சொல்லிவிடும். என்னிடம் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த மூன்று வரியைப் பார்த்ததுமே பாதி தீர்ந்துவிடுகின்றன. எந்த ஃபைலைத் திருத்தினோமோ அதை மேவன் படிக்கவே இல்லை என்று அப்போதுதான் தெரியவரும்.

முக்கியமாக ஐடிஇ (கோட் எழுதி ஓட்டும் மென்பொருள்) வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். இன்டெல்லிஜேயும் எக்லிப்ஸும் தங்களோடு சொந்தமாக ஒரு மேவனைக் கொண்டுவருகின்றன. டெர்மினலில் ஓடும் பில்ட் ஐடிஇ-க்குள் ஓடவில்லை என்றால், இரண்டும் வேறு வேறு மேவனாக இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

வீட்டு ஃபோல்டருக்குள் இருப்பவை

விண்டோஸில் சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பெயர், அதற்குள் டாட் எம்2. லினக்ஸிலும் மேக்கிலும் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் டாட் எம்2. புள்ளியில் தொடங்கும் பெயர் என்பதால் லினக்ஸிலும் மேக்கிலும் கண்ணில் படாது. உபுண்டுவில் கண்ட்ரோலும் எச்-சும், மேக்கில் கமாண்டும் ஷிஃப்டும் புள்ளியும் சேர்த்து அழுத்தினால் தெரியும். முதல் மேவன் டாட் மேவன் என்ற ஃபோல்டரை வைத்திருந்தது. 2005-இல் மேவன் 2 வந்தபோது பழையதோடு கலந்துவிடாமல் டாட் எம்2 என்று வைத்தார்கள். மேவன் 3 வந்த பிறகும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. "எம்3 ஏன் இல்லை" என்று ஒவ்வொரு பேட்சிலும் ஒருவர் கேட்கிறார், அதனால் சொன்னேன்.

இதற்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று ரெப்பாசிட்டரி என்ற ஃபோல்டர், இன்டர்நெட்டில் இருந்து இறக்கிய லைப்ரரிகளும் பிளகின்களும் அதில் கிடக்கும். இன்னொன்று செட்டிங்ஸ் டாட் எக்ஸ்எம்எல், நீங்கள் கையால் எழுதியது. முதலாவது போனால் டேட்டா செலவு. இரண்டாவது போனால் போனதுதான். இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்ததுதான் என் மாணவிக்கு வினையானது.

ரெப்பாசிட்டரியைத் திறந்து நடந்து பாருங்கள். குரூப் ஐடியில் (லைப்ரரியை வெளியிடுபவரைக் குறிக்கும் பெயர்) புள்ளி வரும் இடமெல்லாம் ஒரு ஃபோல்டர், பிறகு ஆர்ட்டிஃபாக்ட் பெயர் (லைப்ரரியின் பெயர்), பிறகு வெர்ஷன். காமன்ஸ் லாங்3 லைப்ரரியின் 3.12.0 வேண்டுமா? ஓஆர்ஜி, அப்பாச்சி, காமன்ஸ், காமன்ஸ்-லாங்3, 3.12.0 என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போனால் ஜார் ஃபைல், அதன் விவரம் எழுதிய பாம் ஃபைல், இரண்டும் சரியாக இறங்கினவா என்று சரிபார்க்கும் ஷா1 செக்சம் ஃபைல்கள் இருக்கும். இந்த நடையைப் பழகிக்கொண்டால் முழுதாக டெலிட் செய்யும் அவசியமே வராது. இறக்கும்போது கரண்ட் போய் ஒரு ஜார் கெட்டுப்போனால், அந்த ஒரு வெர்ஷன் ஃபோல்டரை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அவளுக்கும் நான் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அங்கேயே சில சமயம் லாஸ்ட்அப்டேட்டட் (ஒரே சொல்) என்று முடியும் குட்டி ஃபைல் ஒன்று தென்படும். "இதைத் தேடினேன், கிடைக்கவில்லை" என்று மேவன் எழுதிவைத்த குறிப்பு அது. ஆபீஸ் ரெப்பாசிட்டரியில் சக ஊழியர் இன்னும் ஏற்றாத ஒரு வெர்ஷனை நீங்கள் முந்திக்கொண்டு கேட்டால் இது உண்டாகும். பத்து நிமிடத்தில் அவர் ஏற்றிவிட்டாலும் மேவன் உடனே போய்ப் பார்க்காது, சாதாரணமாக ஒரு நாள் கழித்துத்தான் மறுபடி கேட்கும். ஹைஃபன் யூ (பெரிய எழுத்து) சேர்த்து ஓட்டினால் உடனே கேட்கும். ஆனால் கெட்டுப்போன ஜாருக்கு ஹைஃபன் யூ உதவாது. ஃபைல்தான் இருக்கிறதே என்று மேவன் விட்டுவிடும்.

"எல்லாம் திரும்ப வரும்" என்பதற்கு ஒரு விலக்கும் இருக்கிறது. எம்விஎன் இன்ஸ்டால் அல்லது எம்விஎன் இன்ஸ்டால்:இன்ஸ்டால்-ஃபைல் கொடுத்து நீங்களே உள்ளே போட்டவையும் இதே ரெப்பாசிட்டரியில்தான் உட்கார்ந்திருக்கும். பேங்க் கொடுத்த ஜார், வெண்டர் மெயிலில் அனுப்பிய ஜார் போன்றவை எந்த சர்வரிலும் இருக்காது. மேவன்-மெட்டாடேட்டா-லோக்கல் டாட் எக்ஸ்எம்எல் என்ற ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ, அங்கே கையால் போட்ட சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். துடைப்பதற்கு முன் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள்.

செட்டிங்ஸ் ஃபைல்

செட்டிங்ஸ் இரண்டு இடத்தில் இருக்கலாம். மேவனை நிறுவிய ஃபோல்டரில் கான்ஃப் என்பதற்குள் ஒன்று, அந்த மெஷினைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் பொது. உங்கள் டாட் எம்2-க்குள் இன்னொன்று, உங்களுக்கு மட்டும். இரண்டும் இருந்தால் மேவன் சேர்த்துப் படிக்கும், முரண்பட்டால் உங்களுடையதே செல்லும். டாட் எம்2-க்குள் இந்த ஃபைல் தானாக உண்டாகாது என்பதால், "என்கிட்ட இல்லையே" என்று பதற வேண்டாம், நீங்கள் எழுதினால்தான் இருக்கும். சேர்ந்த பிறகு கடைசியில் என்ன நிற்கிறது என்று பார்க்க எம்விஎன் ஹெல்ப்:எஃபெக்டிவ்-செட்டிங்ஸ்.

பொது ஃபைலை நான் தொடுவதில்லை. மேவனைப் புதிய வெர்ஷனுக்கு மாற்றும்போது பழைய ஃபோல்டரோடு அதுவும் போய்விடும். அதோடு, 3.8.1-இலிருந்து அந்த ஃபைலில் ஒரு நல்ல காரியம் செய்து வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பில்லாத எச்டிடிபி முகவரியில் இருக்கும் வெளி ரெப்பாசிட்டரிகளைத் தடுக்கும் மிரர் ஒன்று அதில் இருக்கிறது. மிரர் என்பது ஒரு ரெப்பாசிட்டரிக்குப் போக வேண்டியதை வேறு முகவரிக்குத் திருப்பும் அமைப்பு. பழைய ப்ராஜெக்ட் திடீரென்று "பிளாக்டு" என்று நின்றால் காரணம் இதுதான். அந்த வரிகளை அழித்துவிடச் சொல்லும் யோசனையை ஏற்காதீர்கள். ப்ராஜெக்டில் உள்ள முகவரியை எச்டிடிபிஎஸ்-ஆக மாற்றுங்கள்.

உங்கள் செட்டிங்ஸ் ஃபைலில் சர்வர் பாஸ்வேர்டு இருக்கும் என்பதால் அதைக் கிட்டில் (கோடைச் சேமித்துப் பகிரும் கருவி) ஏற்றக் கூடாது, யாருக்கும் வாட்ஸப்பில் அனுப்பக் கூடாது. மேவன் 3-இல் பாஸ்வேர்டை மறையாக்கம் செய்து வைக்கும் வசதி உண்டு. அதற்கான மாஸ்டர் பாஸ்வேர்டு செட்டிங்ஸ்-செக்யூரிட்டி டாட் எக்ஸ்எம்எல் என்ற தனி ஃபைலாக அதே டாட் எம்2-இல் இருக்கும். இரண்டு ஃபைலும் ஒருவர் கையில் கிடைத்தால் பூட்டும் சாவியும் சேர்ந்தே கிடைத்ததாகிவிடும்.

சி டிரைவ் நிரம்பிவிட்டது என்றால் ரெப்பாசிட்டரியை மட்டும் டி டிரைவுக்குக் கொண்டுபோகலாம். செட்டிங்ஸ் ஃபைலில் லோக்கல்ரெப்பாசிட்டரி (ஒரே சொல், நடுவில் ஆர் மட்டும் பெரிய எழுத்து) என்ற டேகில் புதிய பாதையை எழுதி, பழைய ஃபோல்டரை அப்படியே அங்கே நகர்த்தினால் போதும். ஒரே ஒரு தடவைக்கு என்றால் கட்டளையிலேயே ஹைஃபன் டி (பெரிய எழுத்து), மேவன் டாட் ரெப்போ டாட் லோக்கல், சமக்குறி, பாதை.

லினக்ஸில் சூடோ போட்டு, அதாவது ரூட் என்ற அட்மின் பயனராக, மேவனை ஓட்டாதீர்கள். ரூட்டின் ஹோமுக்குள் இன்னொரு டாட் எம்2 முளைக்கும், உங்கள் செட்டிங்ஸ் படிக்கப்படாது, பில்ட் செய்தது வந்து சேரும் டார்கெட் ஃபோல்டரும் ரூட்டுக்குச் சொந்தமாகி அடுத்த தடவை கிளீன் செய்ய முடியாமல் நிற்கும்.

ப்ராஜெக்டுக்குள் இருப்பவை

பாம் டாட் எக்ஸ்எம்எல்லும் டார்கெட் ஃபோல்டரும் எல்லோருக்கும் தெரியும். டார்கெட் கிட்டுக்குப் போகக் கூடாது, எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம். பலருக்குத் தெரியாதது டாட் எம்விஎன் என்ற ஃபோல்டர். அதில் மேவன் டாட் கான்ஃபிக் என்ற ஃபைலில் வழக்கமாக அடிக்கும் ஆப்ஷன்களையும், ஜேவிஎம் டாட் கான்ஃபிக்கில் மெமரி அளவு போன்றவற்றையும் எழுதி வைத்தால், ப்ராஜெக்டை எடுக்கும் ஒவ்வொருவருக்கும் அதே அமைப்பு கிடைக்கும். இது கிட்டுக்குப் போக வேண்டிய ஃபோல்டர். மேவன் 3.9-இலிருந்து மேவன் டாட் கான்ஃபிக்கில் ஒரு வரிக்கு ஒரு ஆப்ஷன்தான். இடைவெளி விட்டு ஒரே வரியில் எழுதிய பழைய ஃபைல்கள் உடைந்தன.

ப்ராஜெக்டில் எம்விஎன்டபிள்யூ என்ற ராப்பர் ஸ்கிரிப்ட் இருந்தால், எந்த மேவன் வெர்ஷன் வேண்டும் என்பது டாட் எம்விஎன்-க்குள் ராப்பர் ஃபோல்டரில் எழுதியிருக்கும். அது இறக்கும் மேவன் முழுவதும் உங்கள் டாட் எம்2-க்குள் ராப்பர், டிஸ்ட்ஸ் என்ற ஃபோல்டரில் போய்ச் சேரும். அழித்தால் திரும்ப வரும்.

14 லேப்டாப்புக்கு ஒரு பென்டிரைவ்

இந்த இடங்களெல்லாம் தெரிந்த பிறகுதான் என் வகுப்புக்கு வழி பிறந்தது. வீட்டில் காலியான ஒரு ஃபோல்டரை ரெப்பாசிட்டரியாகக் காட்டி, வகுப்பு ப்ராஜெக்டை டெஸ்ட்டோடு முழுதாக ஒரு தடவை பில்ட் செய்கிறேன். வேண்டியதையெல்லாம் முன்கூட்டி இறக்கிவைக்க டிபெண்டன்சி:கோ-ஆஃப்லைன் என்று ஒரு கட்டளை இருக்கிறதே என்பீர்கள். அதை நம்பிப் போய் மாட்டிக்கொண்டேன். டெஸ்ட்டுகளை ஓட்டும் ஷ்யூர்ஃபயர் பிளகின் தனக்கு வேண்டிய ஜேயூனிட் (டெஸ்ட் எழுதும் லைப்ரரி) துண்டை டெஸ்ட் ஓடும் நேரத்தில்தான் தேடுகிறது. கோ-ஆஃப்லைன் அதை முன்கூட்டி இறக்குவதில்லை.

பிறகு அந்த ஃபோல்டரை ஜிப்பாக்கிப் பென்டிரைவில் போடுகிறேன். ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள் என்பதால் ஜிப் இல்லாமல் காப்பி செய்தால் ஒரு லேப்டாப்புக்கே வகுப்பு நேரம் முடிந்துவிடும். செட்டிங்ஸ் ஃபைல் இதில் போகாது.

முதல் முயற்சியில் 14 லேப்டாப்பும் எல்லாவற்றையும் மறுபடி இறக்கத் தொடங்கின. ஜார் கண்ணெதிரே இருக்கிறது, ஆனாலும் இறக்குகிறது. காரணம், ஒவ்வொரு வெர்ஷன் ஃபோல்டரிலும் அண்டர்ஸ்கோர் ரிமோட் டாட் ரெப்பாசிட்டரீஸ் என்றொரு ஃபைல். இந்த ஜார் எந்த ஐடி உள்ள ரெப்பாசிட்டரியில் இருந்து வந்தது என்று மேவன் அதில் எழுதி வைக்கிறது. நான் பில்ட் செய்த லேப்டாப்பில் ஆபீஸ் மிரர் போட்டிருந்தேன், அதன் ஐடி பதிவாகிவிட்டது. மாணவர்கள் மெஷினில் அந்த ஐடி இல்லை, அதனால் மேவன் அந்த ஜாரை ஏற்கவில்லை. இப்போது ஜிப் செய்வதற்கு முன் அந்தப் பெயருள்ள ஃபைல்களை எல்லாம் தேடி நீக்கிவிடுகிறேன். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் இருக்கும் ஜாரை மேவன் அப்படியே எடுத்துக்கொள்கிறது.

மாணவர்கள் ஜிப்பை டாட் எம்2-க்குள் ரெப்பாசிட்டரியாக விரித்துவிட்டு, முதல் பில்டை ஹைஃபன் ஓ (சிறிய எழுத்து) சேர்த்து ஆஃப்லைனில் ஓட்டுகிறார்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் எந்த ஜார் என்று பெயர் சொல்லி அங்கேயே நிற்கும். அந்த ஒன்றை மட்டும் ஹாட்ஸ்பாட்டில் இறக்கிக்கொள்கிறோம்.