விலை ஏறிய ஹெட்போன்களில் பணத்தைக் கரைக்கும் தவறுகள்

சென்ஹைசர் எச்டி 800 ஹெட்போன் 2009-ல் சுமார் 1,400 டாலருக்கு வந்தபோது அதுவே எட்டாத விலையாக இருந்தது. 2016-ல் ஃபோக்கல் உடோபியா 4,000 டாலர். 2022-ல் வந்த அதன் புதிய பதிப்பு 5,000. ஹைஃபைமேன் சுஸ்வாரா 6,000 டாலருக்கு வந்தது. புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகள் பழையவைதான். ஆனால் இன்று அவை லட்சக்கணக்கில் விழுங்குகின்றன.

ஓம் எண்ணைப் பார்த்து ஆம்ப் வாங்குவது

இத்தனை ஆண்டுகள் கழித்தும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஓம் என்பது ஹெட்போனின் மின்தடை அளவு, ஆம்ப் என்பது ஒலிச் சிக்னலைப் பெருக்கித் தரும் கருவி. பெட்டியில் 300 ஓம் என்று பார்த்ததும், ‘இதுக்குப் பெரிய ஆம்ப் இல்லாம சரிப்படாது’ என்று யாராவது சொல்வார்கள். ஹெட்போன் வாங்கிய அதே விலைக்கு ஓர் ஆம்ப் மேசைக்கு வந்துவிடும்.

ஓம் மட்டும் தெரிந்தால் போதாது, சென்சிட்டிவிட்டியும் (கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது) வேண்டும். சென்ஹைசரின் எச்டி 650-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 300 ஓம், 1 வோல்ட்டுக்கு 103 டெசிபல். பாட்டின் உச்சத்தில் ஒரு மிருதங்க அடி 110 டெசிபல் தொட வேண்டுமென்றால் 2.24 வோல்ட் போதும். சக்தி 17 மில்லிவாட்கூட இல்லை. 2 வோல்ட் தரும், போனில் செருகும் சிறிய டாங்கிளே ஏறக்குறைய அங்கே கொண்டுபோய்விடும்.

சுஸ்வாரா வெறும் 60 ஓம்தான். ஆனால் 1 மில்லிவாட்டுக்கு 83 டெசிபல். அதே 110-க்கு 500 மில்லிவாட், 5.5 வோல்ட், 91 மில்லிஆம்ப் மின்னோட்டம் கேட்கும். ஓம் ஐந்தில் ஒரு பங்கு, சக்தி முப்பது மடங்கு. எண்களைப் போட்டுப் பார்க்காமல் வாங்குபவர் எச்டி 650-க்குத் தேவையில்லாத ஆம்பும், சுஸ்வாராவுக்குப் போதாத ஆம்பும் வாங்கிவிடுகிறார்.

‘புது ஆம்ப்பில் கேட்டேன், வித்தியாசம் தெரிந்ததே’ என்பார்கள். பெரும்பாலும் சத்தம்தான் கூடியிருக்கும். 1 டெசிபல் கூடினாலே தெளிவு கூடியதுபோலத் தோன்றும். ஒப்பிடும் முன் 100 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஹெட்போன் செருகியபடியே மல்டிமீட்டரில் ஏசி வோல்ட்டை அளந்து, இரண்டு ஆம்ப்பையும் 2 சதவீதத்துக்குள் சமப்படுத்துங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் டோன் வேண்டாம். மலிவு மீட்டர்கள் அங்கே தவறாகக் காட்டும்.

ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸையும் (ஆம்ப் தன் வெளியீட்டில் காட்டும் மின்தடை) பாருங்கள். ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் போதும். சில டியூப் (வால்வு) ஆம்ப்களில் அது 100 ஓமுக்கு மேல் போகும். எச்டி 650-ல் பாஸ் ஏறக்குறைய 1 டெசிபல் தூக்கலாகும். அது பிடித்திருந்தால் வாங்கலாம். ஆனால் அதே மாற்றத்தை ஈக்யூ (பாஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர்) இலவசமாகத் தரும்.

விலை உயர்ந்த கேபிள்

வேண்டாம்.

அமுங்கிய இயர்பேடுடன் தீர்ப்புச் சொல்வது

காதைச் சுற்றி அமரும் இயர்பேடின் பஞ்சை விரலால் அழுத்தி விடுங்கள். மேலெழவில்லையென்றால் காதுக்கும் ஒலி எழுப்பும் டிரைவருக்கும் உள்ள இடைவெளி குறைந்து ஒலி மாறியிருக்கும். இந்த நிலையில் பழைய ஹெட்போனை விற்றுவிட்டு அடுத்த மாடலுக்குத் தாவுகிறார்கள். முதலில் அதே நிறுவனத்தின் பேடை மாற்றுங்கள். வெல்வெட் இருந்த இடத்தில் தோல் பேட் போட்டால் பாஸும் ட்ரெபிளும் வேறாகிவிடும்.

அறிமுக விலைக்கே பாய்வது

ஹைஃபைமேன் சண்டாரா 2018-ல் 500 டாலருக்கு வந்து, பிறகு 300-க்கு இறங்கியது. எச்டி 650-ன் மறுபிறவியான எச்டி 6எக்ஸ்எக்ஸ் 2016-ல் 200 டாலருக்கே கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி, ஜிஎஸ்டி, இந்தியாவில் வாரண்டி செல்லுமா என்பதையும் சேர்த்தே விலையைக் கணக்கிடுங்கள்.