மாரியிலும் அறுவடையிலும் மட்டக்களப்பு, அம்பாறை வீதிகளில் வாகனம் ஓட்டுதல்

மாரி மழையில் மட்டக்களப்பின் தாழ்நில வீதிகளை வெள்ளம் மூடும்போது, ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் ஆழமான நீரே சிறிய காரை மிதக்கச் செய்துவிடக்கூடும் என்பதால், வீதியின் விளிம்பு தெரியாத இடத்தில் இறங்காமல் திரும்பிவிடுங்கள். முன்னால் பஸ் கடந்து போனது ஒரு காரணமாகாது. அதன் உயரம் வேறு. ஆழம் குறைவென்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், முதலாம் கியரில், வேகத்தை மாற்றாமல், நடுவீதியால் மெதுவாகச் செல்லுங்கள். கரையேறியதும் பிரேக்கை இலேசாகச் சில முறை அழுத்தினால் அதன் ஈரம் காய்ந்துவிடும்.

அறுவடைக் காலத்தில் வீதியோரம் காயும் நெல்லின்மீது சக்கரம் ஏறினால் வழுக்கும். பொழுதுபட்ட பின் பின்விளக்கில்லாத உழவு இயந்திரங்களையும் எதிர்பாருங்கள். அம்பாறையிலிருந்து இங்கினியாகலை செல்லும் வழியில் யானை நின்றால், ஹோன் அடிக்காமல், தூரத்திலேயே நிறுத்தி, பின்வாங்க இடம் வைத்துக் காத்திருங்கள்.