பிஎம்ஐ: மாதாமாதம் கட்டுகிறவர்கள் கோட்டை விடும் இடங்கள்

அமெரிக்காவில் 20 சதவீதத்துக்குக் குறைவான டவுன் பேமென்ட்டில் வீடு வாங்கினால், கன்வென்ஷனல் கடனோடு, அதாவது அரசுக் காப்பீடோ உத்தரவாதமோ இல்லாத வீட்டுக் கடனோடு, பெரும்பாலும் பிஎம்ஐ எனப்படும் தனியார் அடமானக் காப்பீடும் ஒட்டிக்கொண்டு வரும். வேலை போய்த் தவணை நின்றால் அது நம்மைக் காப்பாற்றும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பிரீமியம் நம்முடையது, பாதுகாப்பு கடன் கொடுத்தவருக்கு.

அதைவிடப் பணத்தைக் கரைப்பது, 'அதுவே ஒருநாள் போய்விடும்' என்று சும்மா இருப்பது. 4 லட்சம் டாலர் வீடு, 10 சதவீத முன்பணம், 3,60,000 டாலர் கடன், 30 வருடம், 6.5 சதவீத நிலையான வட்டி என்று வைத்துக்கொள்வோம். பிஎம்ஐ ஆண்டுக்கு 0.5 சதவீதம் என்றால் மாதம் 150 டாலர். 1998-இல் வந்த வீட்டு உரிமையாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பாக்கி வீட்டின் ஆரம்ப மதிப்பில் 80 சதவீதத்துக்கு, அதாவது 3,20,000-க்கு இறங்கியதும் எழுதிக் கேட்டு நீக்கலாம். கேட்காவிட்டால் 78 சதவீதத்தில்தான் தானாக நீங்கும். இரண்டுக்கும் நடுவே சுமார் 14 மாதம். எழுதாத அந்த ஒரு கடிதத்தின் விலை 2,100 டாலர்!

போனஸ் வரும்போதெல்லாம் அசலில் கட்டினவர்கள் இன்னும் அதிகமாக இழக்கிறார்கள். 78 சதவீதத் தேதி, முதலில் போட்ட தவணை அட்டவணையைப் பொறுத்தது. நாலே வருடத்தில் கடனை அங்கே கொண்டுவந்தாலும், கேட்காதவருக்கு ஒன்பது வருடம் பிடித்தம் ஓடும். சரி, கேட்கும்போது தவணைகள் ஒழுங்காகக் கட்டியிருக்க வேண்டும். அதே வீட்டின் மேல் இரண்டாவது கடன் இருந்தால் கோரிக்கை நிற்காமல் போகலாம்.

வீட்டு விலை ஏறியதைக் காட்டியும் நீக்கலாம். வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் கடன்களில், பொதுவாகக் கடன் வாங்கி இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் என்றால் பாக்கி வீட்டின் இன்றைய மதிப்பில் 75 சதவீதத்துக்கு இறங்கியிருக்க வேண்டும், அதற்குப் பின் 80. அவசரப்பட்டு நீங்களே மதிப்பீட்டாளரை வரவழைத்துக் காசு கொடுக்காதீர்கள். தவணை வசூலிக்கும் நிறுவனம் ஏற்பாடு செய்யும் மதிப்பீடுதான் செல்லும்.

'பிஎம்ஐ கிடையாது' என்ற விளம்பரத்தைப் பார்த்தால் வட்டியைப் பாருங்கள். கடன் கொடுப்பவரே பிரீமியம் கட்டுகிறார் என்றால் அது வட்டியில் ஏறியிருக்கும், எழுதிக் கேட்டாலும் இறங்காது.

அப்புறம் எஃப்எச்ஏ கடன், அதாவது அமெரிக்க அரசின் வீட்டுவசதி அமைப்பு காப்பீடு செய்யும் கடன். இந்த 80, 78 கணக்கு அங்கே செல்லாது. 2013 ஜூன் 3 முதல், 10 சதவீதத்துக்குக் குறைவாக முன்பணம் கட்டினவர்களுக்குக் காப்பீடு கடன் முடியும்வரை தொடரும். வெளியே வர ரீஃபைனான்ஸ் செய்யலாம், அதாவது புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைக்கலாம். ஆனால் 2021-இல் 3 சதவீதத்தில் வாங்கினவர் இதற்காக இரு மடங்கு வட்டிக்கு மாறினால், மிச்சமாகும் பிரீமியத்தைப் புது வட்டியே விழுங்கிவிடும்.